சண்டை போடாத மீன்களும் உண்டு: சிக்லிட் மீன் வாங்குவோர் கவனத்திற்கு

நமது லயங்களில் இப்போது சில வீடுகளின் இஸ்தோப்பில் ஒரு கண்ணாடி மீன்தொட்டியைக் காண முடிகிறது. பிள்ளைகளின் ஆசைக்காகப் பெற்றோர் வாங்கிக் கொடுத்திருப்பார்கள். சில இடங்களில் பிள்ளைகளே தீபாவளிக் காசைச் சேர்த்து வாங்கியிருப்பார்கள். நல்ல பொழுதுபோக்குத்தான். ஆனால் வாங்கி இரண்டு வாரம் போவதற்குள் தொட்டி வெறுமையாகிவிட்டது என்ற கதையைத்தான் அதிகமாகக் கேட்கிறோம்.

எட்டாம் வகுப்பில் படிக்கும் ஒரு பையன் டவுனுக்குப் போய், பார்க்க அழகாக இருந்ததெல்லாம் ஒவ்வொன்று வாங்கி வந்தான். ஆறு கப்பி, இரண்டு ஏஞ்சல், விரல் நீளத்தில் ஒரு ஒஸ்கார் குஞ்சு. முதலில் கப்பி ஒவ்வொன்றாகக் காணாமல் போனது. "யாரோ திருடிட்டாங்கம்மா" என்று பையன் அழுதான். பிறகு ஏஞ்சலின் செட்டை கிழிந்தது. கடைசியில் ஒஸ்கார் மட்டும் மிஞ்சியது. திருடன் வெளியில் இல்லை, தொட்டிக்குள்ளேயேதான் இருந்தான். மீனின் குணம் தெரியாமல் வாங்கியதே இங்கு நடந்த பிழை. உழைத்த காசும் வீண், பிள்ளைக்கும் மனவருத்தம்.

ஏஞ்சல், ஒஸ்கார் இரண்டுமே "சிக்லிட்" என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இக்குடும்பத்தில் பொல்லாத மீனும் உண்டு, சாதுவான மீனும் உண்டு. எதை வாங்கலாம், எதை வாங்கக்கூடாது, நமது மலைநாட்டுக் குளிரில் எது பிழைக்கும் என்பவற்றை இக்கட்டுரையில் பார்ப்போம்.

சிக்லிட் என்றால் என்ன?

சிக்லிட் குடும்பத்தில் 1,700க்கும் அதிகமான இனங்கள் உள்ளன. ஆபிரிக்காவிலும் மத்திய, தென் அமெரிக்காவிலும்தான் பெரும்பாலானவை வாழ்கின்றன. "நமக்கு எங்கே இதெல்லாம் தெரியும்?" என்று நினைக்காதீர்கள். நாம் கறி வைத்துச் சாப்பிடும் திலாப்பியாவும் ஒரு சிக்லிட்தான். ஆபிரிக்காவுக்குரிய அந்த மீன் 1952ஆம் ஆண்டு இலங்கைக் குளங்களில் விடப்பட்டது.

இலங்கைக்கே சொந்தமான சிக்லிட்டும் இருக்கின்றது. களப்புகளிலும், கடலோரத்தை அண்டிய ஆறு, குளங்களிலும் வாழும் இரண்டு இனங்களைச் சிங்களத்தில் கொரலியா என்பார்கள். ஒன்று பச்சை சாயலும் முத்துப் புள்ளிகளும் கொண்ட பெரிய இனம். மற்றது மஞ்சள் நிறத்தில், நமது உள்ளங்கைக்குள் அடங்கும் சிறிய இனம். இந்த மஞ்சள் மீனை உலகெங்கும் "ஒரேஞ் குரோமைட்" என்ற பெயரில் அலங்கார மீனாக வளர்க்கிறார்கள்.

ஏன் சண்டை பிடிக்கின்றன?

பெரும்பாலான மீன்கள் முட்டையிட்டுவிட்டுத் தம்பாட்டில் போய்விடும். சிக்லிட் அப்படியல்ல. ஆணும் பெண்ணும் சேர்ந்தோ, அல்லது தாய் தனியாகவோ, முட்டையையும் குஞ்சையும் காவல் காக்கும். சில இனங்களில் தாய் முட்டைகளை வாய்க்குள்ளேயே வைத்துப் பொரிக்கும். ஒரேஞ் குரோமைட்டின் குஞ்சுகள் தாய் தகப்பனின் உடம்பில் ஊறும் வழுவழுப்பைக் கொத்தித் தின்று வளரும்.

பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டுமென்றால் ஓர் இடம் வேண்டும். அந்த இடத்துக்குள் வேறு யாரும் வந்தால் விரட்ட வேண்டும். குஞ்சு பொரித்த கோழி நம்மையே கொத்த வருகிறதல்லவா? அதே குணம்தான். ஆற்றில் விரட்டப்பட்ட மீன் தூரமாய் ஓடிவிடும். இரண்டடித் தொட்டியில் ஓட இடமில்லை. அதனால் அடி வாங்கியே சாகிறது.

இதிலிருந்து நாம் விளங்கிக்கொள்ள வேண்டியது இரண்டு விஷயம். ஒன்று, உருவத்தில் சிறியதாகவும் குறைந்த இடம் போதுமானதாகவும் உள்ள இனங்களையே தெரிந்தெடுக்க வேண்டும். இரண்டாவது, எவ்வளவு சாதுவான சிக்லிட்டும் முட்டையிட்ட நாட்களில் கொஞ்சம் கோபக்காரனாகத்தான் இருக்கும்.

வாங்கக்கூடிய மீன்கள்

1. ஏஞ்சல்: அமேசன் ஆற்றுப் பகுதிக்குரியது. கடைகளில் இலகுவாகக் கிடைக்கும், விலையும் பெரிதாக இல்லை. தண்ணீரின் சூடு 24 முதல் 28 பாகை வரை இருக்க வேண்டும். கடையில் ஐந்து ரூபாய்க் குற்றி அளவில் இருந்தாலும், வளர்ந்த பிறகு செட்டையோடு சேர்த்து 15 சென்ரிமீற்றருக்கு மேல் உயரம் வரும். ஆகவே ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டி தேவை. நியோன் டெட்ரா, கப்பிக் குஞ்சு போன்ற வாய்க்குள் அடங்கும் மீன்களை வளர்ந்த ஏஞ்சல் விழுங்கிவிடும்.

2. கீஹோல்: உடம்பின் பக்கத்தில் சாவித் துவாரம் போன்ற கறுப்பு அடையாளம் இருப்பதால் இந்தப் பெயர். சுமார் 10 சென்ரிமீற்றர் வளரும். சிக்லிட் குடும்பத்தில் மிகவும் சாதுவானவற்றில் இதுவும் ஒன்று. பயந்தால் நிறம் மங்கிப் போய் ஒரு மூலையில் ஒதுங்கும். 22 முதல் 27 பாகை வரை தாங்கும். எல்லாக் கடைகளிலும் கிடைக்காது. கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம்.

3. பொலிவியன் ராம்: 7, 8 சென்ரிமீற்றர் வரை வளரும். அமைதியான மீன். 22 முதல் 26 பாகை போதும். தரையில் மணலைக் கிளறித் தின்னும் பழக்கம் உள்ளதால் கூரான கற்கள் போடாமல் மணல் போடுவது நல்லது.

4. நீல ராம்: இதுவும் சாதுதான், அழகும் அதிகம். ஆனால் 27 பாகைக்குக் குறைந்தால் வாடிப்போகும். நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் இரண்டு மூன்று வருடமே ஆயுள். புதிதாகத் தொடங்குபவர்களுக்கும், குளிரான தோட்டங்களில் இருப்பவர்களுக்கும் இது வேண்டாம்.

5. கிரிபென்சிஸ்: மேற்கு ஆபிரிக்காவில் நைஜீரியா, கமரூன் பக்கத்து மீன். பெண் மீனின் வயிறு சிவந்து அழகாக இருக்கும். 24 முதல் 27 பாகை தேவை. ஒரு சிரட்டையின் ஓரத்தில் வாசல் வெட்டிக் கவிழ்த்து வைத்தால் அதற்குள் முட்டையிடும். முட்டையிட்டதும் அடித்தளத்தில் திரியும் வேறு மீன்களைக் கிட்ட விடாது. ஆகவே ஒரு சோடி மட்டும் போடுங்கள், கூட்டாளிகளாக மேல்தண்ணீரில் நீந்துபவற்றைத் தெரிவுசெய்யுங்கள்.

6. ஒரேஞ் குரோமைட்: நம் நாட்டு மீன். சுமார் 8 சென்ரிமீற்றர் வரும். களப்பு மீனாகையால் சற்று உப்புக் கலந்த தண்ணீரில் சுகமாக இருக்கும். உப்பில்லாத மெல்லிய தண்ணீரில் அடிக்கடி நோய் வரலாம். உப்புப் போட்டால் தொட்டிச் செடிகள் பலவும், உப்பு ஒத்துக்கொள்ளாத மீன்களும் தாங்கா. எனவே இவற்றைத் தனித் தொட்டியில், நாலைந்து சேர்த்து வளர்ப்பதே நல்லது.

வாங்கக்கூடாத மீன்கள்

கடையில் சிறு குஞ்சாக இருக்கும்போது எல்லா மீனும் பால்குடிப் பிள்ளை மாதிரித்தான் தெரியும். ஒஸ்கார் சுமார் ஒரு அடி வரை வளரும். வாய்க்குள் போவதையெல்லாம் விழுங்கும். நெற்றி புடைத்த ஃபிளவர்ஹோர்ன் தன் இனத்தையே சகிக்காது. கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட கொன்விக்ட் சிறியதுதான், ஆனால் முட்டையிட்டுவிட்டால் தொட்டி முழுவதையும் தனக்கே எழுதி வாங்கியது போல நடந்துகொள்ளும். ஆபிரிக்காவின் மலாவி ஏரியிலிருந்து வந்த மஞ்சள், நீல நிறப் பாறை மீன்களுக்குத் தனித் தொட்டியும் கடினத் தண்ணீரும் தேவை. நமது பச்சைக் கொரலியாவும் பெரிதாக வளர்வதால் சிறு தொட்டிக்குப் பொருந்தாது. திலாப்பியா குஞ்சை ஓடையில் பிடித்து வந்து போடுவதும் வேண்டாம். அது குளத்துக்கும் சட்டிக்கும்தான் சரி.

யாரோடு யாரைச் சேர்க்கலாம்?

ஏஞ்சலோடு பேர்ள் கௌராமி, வளர்ந்த பிளாட்டி, தரையில் மேயும் கொரிடோரஸ் ஆகியவற்றைச் சேர்க்கலாம். டைகர் பார்பைச் சேர்க்கவே கூடாது. அது ஏஞ்சலின் நீண்ட செட்டையைக் கடித்துக் கிழிக்கும். இங்கே சிக்லிட் சாது, மற்றவன்தான் போக்கிரி.

பொலிவியன் ராம், கீஹோல், கிரிபென்சிஸ் ஆகியவற்றோடு செரி பார்ப் நன்றாகப் பொருந்தும். உலகில் வேறெங்கும் இயற்கையில் இல்லாத, இலங்கையின் தென்மேற்கு ஈர வலய ஓடைகளுக்கே உரிய சிறு சிவப்பு மீன் அது. பண்ணையில் வளர்த்ததையே கடையில் கேட்டு வாங்குங்கள். காட்டு ஓடையில் பிடிக்க வேண்டாம். நம் நாட்டு ஓடை மீன்களில் பல இனங்கள் அருகி வருகின்றன, சில இனங்களைப் பிடிப்பது சட்டப்படி குற்றமுமாகும்.

அளவும் முக்கியம். இரண்டடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரமான தொட்டி சுமார் 54 லீற்றர் பிடிக்கும். அதில் பொலிவியன் ராம் அல்லது கிரிபென்சிஸ் ஒரு சோடி, அதோடு செரி பார்ப் ஆறு. அதற்கு மேல் வேண்டாம். கீஹோல் ஒரு சோடிக்கும் ஏஞ்சலுக்கும் மூன்றடித் தொட்டி நல்லது. ஏஞ்சலானால் அத்தொட்டி ஒன்றரை அடி உயரமாகவும் இருக்க வேண்டும். அதில் நாலைந்து குஞ்சுகளைப் போட்டு வளர்த்து, சோடி சேர்ந்ததும் மற்றவற்றை வேறாக்கலாம்.

54 லீற்றர் தண்ணீர் என்றால் 54 கிலோ. கண்ணாடியும் மணலும் வேறு. ஒரு மா மூட்டையை விடப் பாரம். ஆகவே ஆட்டம் போடும் மேசையில் வைக்காதீர்கள். சின்னப் பிள்ளைகள் பிடித்து ஏறுவார்கள், கவனம்.

குளிருக்கு என்ன செய்வது?

மலைநாட்டுக் குடும்பங்களுக்கு இதுவே முக்கியமான கேள்வி. கண்டிப் பக்கத்தில் வருடச் சராசரி வெப்பம் சுமார் 24 பாகை. இரத்தினபுரிப் பக்கத்தில் 27 பாகையளவில் இருக்கும். நுவரெலியாவில் 16 பாகையளவுதான். ஆயிரம் மீற்றர் மேலே ஏற ஏறச் சுமார் ஆறரைப் பாகை குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். கீழ்நாட்டுத் தோட்டங்களில் ஹீட்டர் இல்லாமலே ஏஞ்சல் வளரும். நடுமலைத் தோட்டங்களில் மார்கழி, தைக் குளிருக்கு மட்டும் தேவைப்படலாம். மேல்மலையில் ஹீட்டர் இல்லாமல் மேலே சொன்ன எந்தச் சிக்லிட்டும் நிலைக்காது. உடனே சாகாது, தின்னாமல் ஒதுங்கி நின்று, வெள்ளைப் புள்ளி நோய் பிடித்துச் சாகும்.

செலவைப் பார்ப்போம். 54 லீற்றர் தொட்டிக்கு, குளிரான இடமானால் 100 வொற் ஹீட்டர் வேண்டும். அது ஒரு நாளில் பத்து மணித்தியாலம் எரிந்தால் ஒரு அலகு மின்சாரம். மாதத்துக்கு 30 அலகு. வீட்டு மின்கட்டணம் அலகு கூடக்கூட ஒரு அலகின் விலையும் கூடும் முறையில் அறவிடப்படுவதால், இந்த 30 அலகு உங்கள் பில்லை மேல்படிக்குத் தள்ளிவிடலாம். "மீனு விலை நூறு இருநூறுதானே" என்று பார்க்காதீர்கள். மாதாமாதம் வரும் கரண்ட் பில்லைத்தான் பார்க்க வேண்டும். அது கட்டுப்படியாகாது என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. குளிர்த் தண்ணீரையே விரும்பும் தங்கமீன், வைட் கிளவுட் போன்றவற்றை வளருங்கள். பிள்ளைக்கும் சந்தோஷம், மீனுக்கும் சுகம்.

கரண்ட் போனால் தொட்டியைக் கம்பளியால் சுற்றி மூடுங்கள், மேல்பக்கம் காற்றுக்கு இடைவெளி விடுங்கள். அந்நேரம் தீனி போடாதீர்கள். கோப்பையால் தண்ணீரை அள்ளி மேலிருந்து மெதுவாக ஊற்றிக் கொண்டிருந்தால் காற்றுக் கலக்கும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை: தொட்டிக்குள் கை விடும்முன் ஹீட்டர், மோட்டர் எல்லாவற்றின் பிளக்கையும் கழற்றிவிடுங்கள். சுவிட்சை மட்டும் நிறுத்துவது போதாது. வயர் ஒட்டுப்போட்ட ஹீட்டரைப் பாவிக்கவே வேண்டாம். வீட்டில் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று பரீட்சித்துப் பாருங்கள். வயரைத் தொட்டியின் மட்டத்துக்குக் கீழே தொங்கவிட்டு மேலே பிளக்கில் செருகினால், வயர் வழியே வழியும் தண்ணீர் பிளக்குக்குப் போகாமல் கீழே சொட்டிவிடும். மீனை விட உயிர் பெரிது.

தண்ணீர் விஷயம்

பீலித் தண்ணீர் மீனுக்கு நல்லதுதான். ஆனால் சில்லென்று அப்படியே ஊற்றக்கூடாது. வாளியில் பிடித்து ஒரு நாள் வீட்டுக்குள் வைத்து, வேண்டுமானால் கொஞ்சம் சுடுதண்ணீர் கலந்து, தொட்டித் தண்ணீரின் சூட்டுக்குக் கொண்டுவந்த பிறகு ஊற்றுங்கள். குளோரின் போட்ட குழாய்த் தண்ணீராக இருந்தாலும் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் போய்விடும்.

மருந்தடிக்கும் வாளி, மருந்து வந்த கலன் எதையும் மீன் தண்ணீருக்கு எடுக்கவே கூடாது. கொழுந்தில் கொப்புளம் விழும் நோய்க்கு அடிக்கும் செப்பு மருந்து மீனுக்குக் கொடிய நஞ்சு. மருந்தடித்துவிட்டு வருபவர்கள் குளித்து உடுப்பு மாற்றிய பிறகே தொட்டியில் கை வைக்க வேண்டும். பீலிக்கு மேலே உள்ள மலையில் மருந்து அடித்த நாளில் அந்தத் தண்ணீரைத் தவிருங்கள். அது மீனுக்கு மட்டுமா, நமக்கும்தான்.

புதுத் தொட்டியில் அன்றைக்கே மீனைப் போடுவது இன்னொரு பிழை. மீன் கழிவிலிருந்து அமோனியா என்ற நஞ்சு உண்டாகும். அதைத் தீங்கற்றதாக மாற்றும் நல்ல கிருமிகள் மணலிலும் ஸ்பொஞ்சிலும் வளர நாலு முதல் ஆறு வாரம் செல்லும், குளிரில் இன்னும் தாமதமாகும். ஏற்கனவே நன்றாக மீன் வளர்க்கும் பக்கத்து வீட்டாரிடம் அவர்கள் தொட்டியின் பழைய மணலில் ஒரு பிடி கேட்டு வாங்கிப் போடுங்கள். முதலில் இரண்டு மூன்று பலமான சிறு மீன்களை மட்டும் விடுங்கள். சிக்லிட்டைக் கடைசியாக விடுங்கள். முதலில் வந்தவன்தான் இடம் பிடிப்பான், ஆகவே சாதுவானவை முந்தட்டும்.

கிழமைக்கு ஒருமுறை தண்ணீரில் காற்பங்கை மட்டும் மாற்றுங்கள். எடுத்த தண்ணீரைக் கீரைப் பாத்திக்கு ஊற்றலாம், நல்ல பசளை. ஸ்பொஞ்சைக் குழாயடியில் கழுவாமல் அந்த எடுத்த தண்ணீரிலேயே பிழிந்து எடுங்கள். தீனி, இரண்டு மூன்று நிமிடத்துக்குள் தின்று முடிக்கும் அளவு, நாளுக்கு இரண்டு தடவை போதும். சோறு, பாண், ரொட்டித் துண்டு போட வேண்டாம்.

கடையில் கவனிக்க வேண்டியவை

- "இது எவ்வளவு பெரிசா வரும்?" என்று முதலில் கேளுங்கள். பெயர் சொல்லத் தெரியாத மீனை வாங்காதீர்கள்.
- செட்டை விரிந்து, கண் தெளிவாக, நம்மைக் கண்டு அசைந்து வரும் மீனை எடுங்கள்.
- வயிறு ஒட்டியது, மூச்சு வேகமாக வாங்குவது, வெள்ளைப் புள்ளி உள்ளது வேண்டாம். அதே தொட்டியில் செத்த மீன் கிடந்தால் மற்றவையும் வேண்டாம்.
- வீட்டுக்கு வந்ததும் பையோடு கால் மணித்தியாலம் தொட்டியில் மிதக்க விட்டு, சிறிது சிறிதாகத் தொட்டித் தண்ணீர் கலந்து, பிறகு விடுங்கள்.

சண்டை தொடங்கினால்

ஒரு மீன் மூலையிலேயே நின்றால், செட்டை கிழிந்தால், தீனிக்கு வராவிட்டால் அடி விழுகிறது என்று அர்த்தம். கற்களையும் சிரட்டைகளையும் இடம் மாற்றி வையுங்கள். யாருடைய இடம் எது என்று மறந்து புதிதாகத் தொடங்குவார்கள். மறைவதற்கு அதிகமான இடங்களும் செடிகளும் வையுங்கள். அதுவும் சரிவராவிட்டால் ஒருவரைப் பிரித்தே ஆக வேண்டும். ஒரு பிளாஸ்டிக் பேசினில் வைத்திருந்து, கடையில் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம், அல்லது பெரிய தொட்டியுள்ள நண்பருக்குக் கொடுக்கலாம்.

ஓடையில் மட்டும் விடாதீர்கள். "பாவம், பிழைச்சுப் போகட்டும்" என்று நல்ல மனதோடுதான் விடுகிறோம். ஆனால் தொட்டி கழுவும் மீன் என்று விற்கப்படும் டேங்க் கிளீனரும், கத்தி போன்ற உடலுள்ள கிளவுன் நைஃப் மீனும் இப்படி வெளியே போய் இலங்கையின் நீர்நிலைகளில் பெருகிவிட்டன. அவை நம் சிறு மீன்களின் முட்டையையும் குஞ்சையும் இடத்தையும் பறிக்கின்றன. ஒரு முறை பெருகினால் திரும்பப் பிடித்து முடிக்க யாராலும் முடியாது. வேண்டாத மீனைக் கொடுத்துவிடுவதே சரியான வழி.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

மீன்தொட்டி வேண்டும் என்று பிள்ளை கேட்டால் உடனே மறுக்கவும் வேண்டாம், உடனே வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம். முதலில் ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள்: நம் வீட்டுக் குளிர் எவ்வளவு, தொட்டி எத்தனை லீற்றர், எந்த மீன், எவ்வளவு வளரும், யாரோடு சேரும், மாதச் செலவு எவ்வளவு. கணக்கும் படிப்பான், விஞ்ஞானமும் படிப்பான். ஒரு மாதம் வெறும் தண்ணீரும் செடியுமாக வைத்துப் பொறுமையாகக் காத்திருக்கும் பிள்ளை, அதன் பிறகு வரும் மீனையும் காப்பாற்றும். வெறும் தொட்டியில் நுளம்புப் புழு வராதபடி வலையால் மூடி வைக்க மறவாதீர்கள், டெங்கு அபாயம் உண்டு.

மேலே சொன்ன பையன் இப்போது என்ன செய்கிறான் என்று கேட்கிறீர்களா? ஒஸ்காரைக் கடையில் கொடுத்துவிட்டு, ஆறு வாரம் பொறுத்து, கீழ்ப்பிரிவிலுள்ள மாமா கொடுத்த ஒரு பிடி மணலோடு மறுபடி தொடங்கினான். இப்போது அவன் தொட்டியில் ஒரு சோடி பொலிவியன் ராமும் ஆறு செரி பார்பும் இருக்கின்றன. காலையில் கொழுந்துக்குப் போகும்முன் தொட்டிச் சூட்டைப் பார்ப்பது அம்மாவின் வேலையாம்.

"நான் பாக்கலன்னா அவன் பள்ளிக்கூடம் போக மாட்டேங்கிறான்" என்கிறார் அந்த அம்மா.